மைக்ரோசர்வீஸ்களைச் சோதிக்க நான்கு வழிகள்: உங்கள் டீமுக்கு எது?

ஒரே பெரிய அப்ளிகேஷனாக இருந்தவரை டெஸ்ட்டை எங்கே எழுதுவது என்பதில் அதிகக் குழப்பம் வராது. யூனிட் டெஸ்ட் (ஒரு சிறு கோட் துண்டை மட்டும் தனியாகச் சோதிப்பது) நிறைய, டேட்டாபேஸைத் தொடும் டெஸ்ட் ஓரளவு, திரையை இயக்கிப் பார்க்கும் டெஸ்ட் விரல்விட்டு எண்ணும் அளவு. மைக் கோன் 2009-இல் பிரபலமாக்கிய டெஸ்ட் பிரமிடு சொல்வதும் இதைத்தான். அதே அப்ளிகேஷனைத் தனித்தனியாக ஓடும் பத்துப் பதினைந்து சிறு சர்வீஸாக, அதாவது மைக்ரோசர்வீஸ்களாகப் பிரித்தவுடன் கணக்கு மாறிவிடுகிறது. முன்பு ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டது. பெயர் மாறியிருந்தால் கம்பைலரே தடுத்துவிடும். இப்போது அந்த அழைப்பு நெட்வொர்க் வழியே போகிறது. எதிர்முனையில் ஓடுவது எந்த வெர்ஷன், அது என்ன திருப்பி அனுப்புகிறது என்று கம்பைலருக்குத் தெரிய வழியே இல்லை. சர்வீஸ்களுக்குள் இருந்த பிழைகள் சர்வீஸ்களுக்கு நடுவே குடிபெயர்ந்துவிடுகின்றன.

அந்த நடுவெளியை எப்படிச் சோதிப்பது? ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் ஒத்திகை பார்க்கும் சூழலில்) எல்லாவற்றையும் ஏற்றி முழுச்சுற்று டெஸ்ட் ஓட்டுவதா, ஸ்டப் (பக்கத்துச் சர்வீஸைப் போல பதில் சொல்லும் போலி) வைத்து ஒவ்வொன்றையும் தனியாகப் பார்ப்பதா, இரு சர்வீஸ்களுக்கு நடுவே உள்ள எதிர்பார்ப்பைச் சரிபார்க்கும் கான்ட்ராக்ட் டெஸ்ட்டா, இல்லை பயனர்கள் இருக்கும் புரொடக்‌ஷனிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்ப்பதா? நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நான்கையும் முழு அளவில் செய்ய எந்த டீமுக்கும் நேரம் இருக்காது. யூனிட் டெஸ்ட்டை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது எப்படியும் வேண்டும்.

ஒரு சர்வீஸை மற்ற டீம்களைக் கேட்காமல் தனியாக டெப்ளாய் செய்கிறீர்களா, அதாவது வெளியிடுகிறீர்களா? இந்தக் கேள்விக்கான பதில்தான் பாதித் தேர்வை முடிவு செய்கிறது என்பது என் கருத்து. சர்வீஸ்களின் எண்ணிக்கை, மொழி, ஃபிரேம்வொர்க் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், எந்த வகைப் பிழையைப் பிடிக்கும் என்பது. இரண்டாவது, கோட் எழுதியவருக்குப் பதில் எவ்வளவு நேரத்தில் வரும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: டெஸ்ட் சிவப்பானால் (தோற்றால்) யார் பார்க்க வேண்டும் என்பது உடனே தெரிகிறதா? பதில் தெரியாத சிவப்பை நாளடைவில் யாருமே பார்ப்பதில்லை. நான்காவது, தனியாக டெப்ளாய் செய்யும் சுதந்திரத்தை இந்த டெஸ்ட் காப்பாற்றுகிறதா, கெடுக்கிறதா. ஐந்தாவது, எழுதி முடித்த பிறகு மாதாமாதம் ஆகும் பராமரிப்பு.

பொதுப்படையாகப் பேசினால் நான்கு வழிகளுமே நல்லவையாகத் தெரியும். அதனால் மூன்று பிழைகளை எடுத்து, ஒவ்வொரு வழியிடமும் கொடுத்துப் பார்க்கலாம்.

பெயர் மாற்றப் பிழை. ஆர்டர் சர்வீஸ் ஒரு பொருளின் இருப்பை ஸ்டாக் சர்வீஸிடம் கேட்கிறது. பதிலில் இருந்த ‘குவாண்டிட்டி’ என்ற ஃபீல்டை ஸ்டாக் டீம் ‘அவைலபிள் குவாண்டிட்டி’ என்று மாற்றிவிடுகிறது. ஆர்டர் பக்கம் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் எழுதியது என்று வைத்துக்கொள்வோம். தெரியாத ஃபீல்டு வந்தால் அதன் இயல்பான அமைப்பு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எதிர்பார்த்த ஃபீல்டு வரவில்லையென்றால் இன்ட் வகை மாறியில் பூஜ்யம் நிற்கும். எக்ஸெப்ஷன் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை, ‘எல்லாம் சரி’ என்று சொல்லும் 200 ஓகே வருகிறது. எல்லாப் பொருளும் ‘இருப்பு இல்லை’ என்று காட்டுகிறது. இரண்டு பக்கமும் யூனிட் டெஸ்ட் முழுப் பச்சை.

இரட்டைச் செய்திப் பிழை. சர்வீஸ்களுக்கு நடுவே செய்தி கடத்தும் காஃப்கா போன்ற மெசேஜ் புரோக்கர்களில் ஒரே செய்தி இரண்டாம் முறை வந்து சேர்வது சகஜம். பேமென்ட் சர்வீஸ் அதற்குத் தயாராக இல்லாவிட்டால் ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் எடுத்துவிடும்.

சுமைப் பிழை. ஸ்டாக் சர்வீஸ் விழவில்லை, மெதுவாகிறது. ஆர்டர் சர்வீஸ் காத்திருந்து மூன்று முறை ரீட்ரை செய்கிறது (மறுபடி கேட்கிறது). ஏற்கனவே திணறும் ஸ்டாக் சர்வீஸ்மேல் இன்னும் சுமை ஏறி, இரண்டும் சேர்ந்து படுக்கின்றன.

## வழி 1: ஸ்டேஜிங்கில் முழுச்சுற்று டெஸ்ட்

எல்லாச் சர்வீஸையும் ஓரிடத்தில் ஏற்றி, பயனர் செய்வதைப் போலவே ஆரம்பம் முதல் கடைசி வரை ஓட்டிப் பார்ப்பது. புரிந்துகொள்ள இதைவிட எளிதானது இல்லை. மேலாளருக்கும் வாடிக்கையாளருக்கும் விளக்குவதும் சுலபம். பெயர் மாற்றப் பிழையை இது பிடித்துவிடும். இரட்டைச் செய்தியைப் பெரும்பாலும் பிடிக்காது, ஏனென்றால் ஸ்டேஜிங்கில் அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுமைப் பிழையும் சிக்காது. ஸ்டேஜிங்கில் அந்த அளவுக்குச் சுமையே இருப்பதில்லை.

காரணமில்லாமல் விழும் டெஸ்ட்கள்தான் இங்கே முதல் மறைமுகச் செலவு. ஒவ்வொரு டெஸ்ட்டும் நூற்றில் ஒரு முறை மட்டும் வீணாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 டெஸ்ட் உள்ள தொகுப்பு முழுப் பச்சையாக முடியும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம். 200 டெஸ்ட் என்றால் 13 சதவீதம். அதாவது கோடில் தவறே இல்லாதபோதும் பத்தில் எட்டு, ஒன்பது முறை சிவப்புதான். கூகுள் 2016-இல் வெளியிட்ட விவரப்படி, அங்குள்ள டெஸ்ட்களில் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு ஓரளவாவது இந்த நிலையின்மை இருந்தது. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிய நிகழ்வுகளில் 84 சதவீதத்தில் இப்படிப்பட்ட டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்தது. அத்தனை வசதியுள்ள இடத்திலேயே இதுதான் நிலைமை. சிவப்பைப் பார்த்ததும் ‘இன்னொரு தடவை ஓட்டிப் பார்’ என்று சொல்வது ஒரு டீமில் பழக்கமாகிவிட்டால், அந்தத் தொகுப்பு உண்மையான பிழையைக் காட்டும் நாளிலும் அதே வார்த்தைதான் வரும்.

இரண்டாவது செலவு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஸ்டேஜிங்கில் ஒவ்வொரு டீமும் தன் அடுத்த வெர்ஷனை ஏற்றி வைத்திருக்கும். அங்கே ஆர்டரின் புதிய வெர்ஷன் ஸ்டாக்கின் புதிய வெர்ஷனோடு பேசிப் பச்சை காட்டுகிறது. ஆனால் நாளை காலை புரொடக்‌ஷனுக்குப் போவது ஆர்டர் மட்டும். அங்கே ஸ்டாக்கின் பழைய வெர்ஷன் இன்னும் ஓடுகிறது. அந்த ஜோடியை யாரும் சோதிக்கவே இல்லை. இதற்குப் பயந்துதான் பல இடங்களில் எல்லாச் சர்வீஸையும் ஒரே நாளில் சேர்த்து வெளியிடுகிறார்கள். சர்வீஸ்களைப் பிரித்ததன் முக்கியமான பயன் அந்த இடத்தில் போய்விடுகிறது. நெட்வொர்க்கின் தொல்லை மட்டும் கூடவே இருக்கிறது.

எப்போது இது சரி? ஒரே டீம், மூன்று நான்கு சர்வீஸ், எல்லாம் ஒன்றாகவே வெளியாகிறது என்றால் இதுவே போதும். வேறு கருவிகளைக் கொண்டுவந்து சிரமப்பட வேண்டாம். பெரிய அமைப்பிலும் வணிகத்துக்கு உயிர்நாடியான சில பாதைகளுக்கு இது வேண்டும்: பதிவு செய்வது, வாங்குவது, பணம் கட்டுவது, பணம் திரும்பப் பெறுவது.

## வழி 2: ஸ்டப்போடு தனிச் சர்வீஸ் டெஸ்ட்

ஒரு சர்வீஸை மட்டும் நிஜமாக ஓட்டி, அதன் டேட்டாபேஸையும் புரோக்கரையும் கன்டெய்னரில் (வேண்டும்போது எழுப்பிக் கலைத்துவிடும் தனிச் சூழலில்) நிஜமாகவே கொடுத்து, பக்கத்துச் சர்வீஸ்களுக்குப் பதில் ஸ்டப் வைப்பது. 2011-இல் வந்த வயர்மாக் ஸ்டப் வேலையைச் செய்கிறது; 2015-இல் தொடங்கிய டெஸ்ட்கன்டெய்னர்ஸ் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. மைக்ரோசர்வீஸில் யூனிட் டெஸ்ட்டைவிட இந்த நடுத்தட்டுக்குத்தான் அதிக எடை வேண்டும் என்று ஸ்பாட்டிஃபை 2018-இல் தேன்கூட்டு வடிவம் ஒன்றை முன்வைத்தது. சிறிய சர்வீஸ்களைப் பொறுத்தவரை அது சரியென்றே நினைக்கிறேன். சர்வீஸின் உள்ளே சிக்கல் குறைவு; வெளியுலகத்தோடு பேசும் இடங்களில்தான் அதிகம்.

இரட்டைச் செய்தியைப் பிடிக்க இதுதான் ஆகச் சிறந்த இடம். கன்டெய்னரில் காஃப்காவை எழுப்பி, ஒரே பேமென்ட் செய்தியை இரண்டு முறை போட்டு, டேட்டாபேஸில் ஒரே ஒரு வரிசைதான் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நினைத்தபோது ஓட்டலாம், ஒவ்வொரு முறையும் ஒரே விடை வரும். சுமைப் பிழையில் பாதியும் இங்கேயே சிக்கும். ஸ்டப்பை ஐந்து விநாடி தாமதமாகப் பதில் சொல்ல வைத்தால் டைம்அவுட் வேலை செய்கிறதா, எத்தனை முறை ரீட்ரை போகிறது என்பது தெரிந்துவிடும். நெட்வொர்க் அளவில் தொந்தரவு கொடுக்க ஷாப்பிஃபையின் டாக்சிபிராக்ஸி இருக்கிறது.

பெயர் மாற்றப் பிழையில் இந்த வழி முழுக்க ஏமாந்துபோகும். ஸ்டப்பை எழுதியது ஆர்டர் டீம். அதில் ‘குவாண்டிட்டி’ என்றுதான் இருக்கும்; ஸ்டாக் டீம் பெயரை மாற்றி ஆறு மாதம் ஆனாலும் ஸ்டப் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். டெஸ்ட் பச்சை, புரொடக்‌ஷன் சிவப்பு. இந்த வழியை மட்டும் நம்பும் டீம்கள் அடிபடுவது அநேகமாக இங்கேதான்.

சின்ன எச்சரிக்கை ஒன்று: வேகத்துக்காக போஸ்ட்கிரெஸுக்குப் பதில் எச்2 மாதிரி நினைவகத்தில் ஓடும் டேட்டாபேஸை வைக்காதீர்கள். ஜேசான்பி வகை, லாக்கிங் நடத்தை என்று நிஜமான சிக்கல் வரும் இடங்களில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. கன்டெய்னர் எழச் சில விநாடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

## வழி 3: கான்ட்ராக்ட் டெஸ்ட்

ஸ்டப் பொய் சொல்லும் என்ற சிக்கலுக்கு நேரடியான பதில் இது. யார் பதிலைப் பயன்படுத்துகிறாரோ அவர் தன் எதிர்பார்ப்பை எழுதட்டும், பதில் சொல்பவர் அதற்குக் கட்டுப்படட்டும் என்ற யோசனையை இயன் ராபின்சன் 2006-இல் விளக்கி எழுதினார். அதைக் கையில் பிடிக்கும் கருவியாக்கிய பாக்ட் 2013-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. ஜாவா உலகில் ஸ்பிரிங் கிளவுட் கான்ட்ராக்ட்டும் உண்டு.

நம் உதாரணத்தில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். ஆர்டர் டீம் தன் டெஸ்ட்டில், ‘42-ஆம் எண் பொருள் இருக்கிறது என்ற நிலையில் அதன் இருப்பைக் கேட்டால், பதிலில் குவாண்டிட்டி என்ற ஃபீல்டும் அதில் ஓர் எண்ணும் இருக்க வேண்டும்’ என்று எழுதுகிறது. டெஸ்ட் ஓடும்போது பாக்ட் ஒரு போலி ஸ்டாக் சர்வீஸாக நின்று பதில் சொல்கிறது. கூடவே அந்த எதிர்பார்ப்பை ஒரு ஜேசான் ஃபைலாக எழுதி, கான்ட்ராக்ட்களைச் சேமித்து வைக்கும் பாக்ட் புரோக்கருக்கு (காஃப்கா போன்ற மெசேஜ் புரோக்கர் வேறு) அனுப்புகிறது. ஸ்டாக் டீமின் பில்ட் (கோடைக் கட்டி டெஸ்ட் ஓட்டும் தானியங்கி வேலை) அந்த ஃபைலை இறக்கி, அதே கேள்வியைத் தன் நிஜ சர்வீஸிடம் கேட்கிறது. பெயரை மாற்றியவர் அதை மெர்ஜ் செய்வதற்கு (பொதுக் கோடில் சேர்ப்பதற்கு) முன்பே, அவருடைய பில்டிலேயே சிவப்பு விழுகிறது: ஆர்டர் சர்வீஸுக்குக் குவாண்டிட்டி வேண்டும், காணவில்லை. ஸ்டேஜிங் தேவைப்படவில்லை, பதில் சில நிமிடங்களில் வந்துவிட்டது, யார் சரிசெய்ய வேண்டும் என்பதிலும் சண்டை இல்லை.

‘கேன் ஐ டெப்ளாய்’ என்ற கட்டளைக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். எந்த வெர்ஷன் எந்த வெர்ஷனோடு சோதிக்கப்பட்டது, புரொடக்‌ஷனில் இப்போது எது ஓடுகிறது என்ற பதிவு புரோக்கரிடம் இருக்கிறது. ஆர்டரின் புதிய வெர்ஷன் புரொடக்‌ஷனில் உள்ள பழைய ஸ்டாக்கோடு ஒத்துப்போகுமா என்று பைப்லைனே (டெப்ளாய் செய்யும் தானியங்கி வரிசையே) கேட்டு, இல்லையென்றால் நிறுத்திவிடும். முழுச்சுற்று டெஸ்ட் தவறவிட்ட அந்த ஜோடியை இது பிடிக்கிறது.

செலவுகளும் கணிசம். ‘42-ஆம் எண் பொருள் இருக்கிறது’ என்ற நிலையை ஸ்டாக் டீம் தன் பக்கம் உருவாக்கிக் கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட நிலைகள் பெருகப் பெருக அவற்றைப் பராமரிப்பதே தனி வேலையாகும். எழுதுபவர் வகையைக் கேட்காமல் மதிப்பையே கேட்டுவிட்டால், அதாவது ‘ஓர் எண்’ என்பதற்குப் பதில் ‘17’ என்று போட்டால், ஸ்டாக் டீம் தொட்டதெல்லாம் உடையும். அப்புறம் அவர்கள் இந்த டெஸ்ட்டையே வெறுப்பார்கள். பெரிய செலவு மனிதர்கள் சம்பந்தப்பட்டது: பதில் சொல்லும் பக்கத்து டீம் தன் பில்டில் இதைச் சேர்க்கச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் உங்களிடம் இருப்பது கொஞ்சம் சிங்காரித்த ஸ்டப்.

அர்த்தத்தையும் இது சோதிக்காது. இதுவரை தனிப்பொருள் எண்ணிக்கையைத் தந்த ஸ்டாக் சர்வீஸ் நாளை பெட்டி எண்ணிக்கையைத் தந்தாலும், அது எண்தானே என்று பச்சை காட்டும். வெளி நிறுவனத்தின் ஏபிஐ உங்கள் ஃபைலை ஓட்டாது; அங்கே சோதனைக்கென்று அவர்கள் தரும் சாண்ட்பாக்ஸோடு தினமும் ஒருமுறை சிறு டெஸ்ட் ஓட்டி, அது உடைந்தால் தகவல் வரும்படி வைப்பதுதான் வழி. காஃப்கா செய்திகளுக்கு, அவற்றின் வடிவத்தைப் பதிந்துவைக்கும் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியின் பொருந்துமைச் சோதனை இதில் பெரும்பகுதியைக் குறைந்த உழைப்பில் தந்துவிடும்.

## வழி 4: புரொடக்‌ஷனில் சோதிப்பது

கேனரி முறையில் புதிய வெர்ஷனுக்கு முதலில் சிறு பங்கு டிராஃபிக்கை மட்டும் விடுவது, ஃபீச்சர் ஃபிளாக் போட்டுச் சிலருக்கு மட்டும் திறப்பது, நிஜக் கோரிக்கைகளின் நகலைப் புதிய வெர்ஷனுக்கு அனுப்பிப் பார்ப்பது ஆகியவை இதில் அடங்கும். சர்வர்களைத் தானே நிறுத்திப் பார்க்கும் கேயாஸ் மங்கியை நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டதும் இந்தப் பரம்பரைதான்.

சுமைப் பிழையை உண்மையாகப் பிடிக்க இதைத் தவிர வேறு வழி இல்லை என்றே சொல்லலாம். நிஜமான தரவு, நிஜமான கூட்டம், நிஜமான நேரம் மூன்றும் சேரும் ஒரே இடம் இது.

ஆனால் பிழை சிக்கும்போது அது ஏற்கனவே ஒரு பயனரைத் தொட்டிருக்கும். அதை ஏற்கலாமா என்பது தொழிலைப் பொறுத்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில், புதிய கோட் எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. புதிய வசதியைத் திறக்கும் ஃபிளாக், பல காலம் முன்பு கைவிட்ட வசதி ஒன்றுக்குப் பயன்பட்ட அதே ஃபிளாக். விடுபட்ட அந்த ஒரு சர்வரில் பழைய கோட் உயிர்பெற்றது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் போயிற்று. ஃபிளாக்குகளைத் திறக்கக் காட்டும் அக்கறையை அவற்றை அழிப்பதிலும் காட்டாத டீம் இந்த வழியில் இறங்கக் கூடாது.

டிராஃபிக் நகல் எடுப்பதிலும் பொறி இருக்கிறது. சர்வீஸ்களுக்கு நடுவே டிராஃபிக்கை நடத்தும் இஸ்டியோ போன்ற கருவிகள் நகலுக்கு வரும் பதிலைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் அந்த நகல் டேட்டாபேஸில் எழுதியதையோ, கார்டிலிருந்து எடுத்த பணத்தையோ யாரும் திருப்ப மாட்டார்கள். படிக்க மட்டும் செய்யும் அழைப்புகளுக்கே இதை வைத்துக்கொள்ளுங்கள். கேனரிக்கும் கூட்டம் வேண்டும்: மணிக்கு 100 கோரிக்கை வரும் சர்வீஸில் ஒரு சதவீதம் என்றால் மணிக்கு ஒரே ஒரு கோரிக்கை. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒரு கோரிக்கை எந்தெந்தச் சர்வீஸ் வழியாகப் போனது என்று காட்டும் டிரேசிங்கும் (ஓப்பன்டெலிமெட்ரி இதற்கான பொதுவழி) ஒரே கட்டளையில் பின்வாங்கும் வசதியும் இல்லாத இடத்தில் இது சோதனை ஆகாது, வெறும் துணிச்சல்தான்.

## ஒரே பார்வையில்

| | முழுச்சுற்று | ஸ்டப்போடு தனிச் சர்வீஸ் | கான்ட்ராக்ட் | புரொடக்‌ஷன் |
|---|---|---|---|---|
| பெயர் மாற்றப் பிழை | பிடிக்கும், தாமதமாக | பிடிக்காது | மெர்ஜுக்கு முன்பே பிடிக்கும் | பிடிக்கும், பயனரைத் தொட்ட பிறகு |
| இரட்டைச் செய்தி | பெரும்பாலும் தவறும் | மிக நன்றாகப் பிடிக்கும் | பிடிக்காது | வரும்போது தெரியும் |
| சுமைப் பிழை | தவறும் | பாதி | பிடிக்காது | பிடிக்கும் |
| சிவப்பானால் யார் பார்ப்பது | தேட வேண்டும் | அந்தந்த டீம் | பெயரோடு தெரியும் | டிரேசிங் இருந்தால் தெரியும் |
| தனி டெப்ளாய் | கெடுக்கும் | தடையில்லை | காப்பாற்றும் | காப்பாற்றும் |
| மறைமுகச் செலவு | வீண் சிவப்பு, ஸ்டேஜிங் பராமரிப்பு | பழசாகும் ஸ்டப் | பக்கத்து டீமின் சம்மதம் | கண்காணிப்பு, ஃபிளாக் சுத்தம் |

## எந்த நிலைமைக்கு எது

சின்ன டீம், ஒன்றாக வெளியாகும் சில சர்வீஸ்கள்: முழுச்சுற்று டெஸ்ட்டை முதன்மையாக வைத்து, காசு புழங்கும் சர்வீஸுக்கு மட்டும் வழி 2-ஐச் சேருங்கள். கான்ட்ராக்ட் புரோக்கர் அமைக்கும் நேரத்தை வேறு எதிலாவது செலவிடலாம்.

பல டீம்கள், ஒவ்வொன்றும் தன் வேகத்தில் டெப்ளாய் செய்கிறது, எல்லோரும் ஒரே நிறுவனத்துக்குள்: வழி 2-ம் 3-ம் சேர்ந்ததுதான் அடித்தளம். ஒன்று பார்க்காததை இன்னொன்று பார்க்கிறது. இரண்டும் அந்தந்த டீமின் பில்டிலேயே ஓடுகின்றன. எல்லாச் சர்வீஸுக்கும் ஒரேயடியாகக் கான்ட்ராக்ட் எழுத வேண்டாம். அடிக்கடி உடையும் ஒரே ஒரு ஜோடியில் தொடங்கினால், பக்கத்து டீமைச் சம்மதிக்க வைப்பதும் எளிது.

கூட்டம் அதிகம், பின்வாங்குவது சுலபம், தவறினாலும் பயனருக்குப் பெரிய நஷ்டமில்லை (தேடல், பரிந்துரைப் பட்டியல் போன்றவை): அடித்தளத்தை மெலிதாக வைத்து வழி 4-க்கு அதிக இடம் கொடுக்கலாம். பணமோ உடல்நலமோ சம்பந்தப்பட்டால் கேனரி கடைசி வடிகட்டியாக மட்டுமே இருக்கட்டும்.

பழைய பெரிய அப்ளிகேஷனைப் பாதி பிரித்து நிற்கும் டீம்களின் நிலை கொஞ்சம் வேறு. அங்கே எல்லைகள் மாதத்துக்கு ஒருமுறை நகரும். இன்று எழுதும் கான்ட்ராக்ட் நாளை செல்லாது. எல்லை நிலைக்கும்வரை முழுச்சுற்று டெஸ்ட்களை வைத்திருப்பதே பாதுகாப்பு, அவை எவ்வளவு எரிச்சல் தந்தாலும்.

இன்னும் முடிவு வரவில்லையென்றால், கடந்த ஆறு மாதத்தில் புரொடக்‌ஷனில் நடந்த கோளாறுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் மேலே சொன்ன மூன்று பிழைகளில் எதன் இனம் என்று குறியுங்கள். முதல் வகை அதிகமென்றால் கான்ட்ராக்ட், இரண்டாவது என்றால் கன்டெய்னர் டெஸ்ட், மூன்றாவது என்றால் டிரேசிங்கும் கேனரியும். மூன்றிலும் சேராதவை மிகுந்திருந்தால், அவை அநேகமாக ஒரு சர்வீஸின் உள்ளேயே நடந்த தர்க்கப் பிழைகள். அதற்கு யூனிட் டெஸ்ட் பக்கம் போக வேண்டும்.

ஏற்கனவே 200 முழுச்சுற்று டெஸ்ட்டோடு மாட்டிக்கொண்டிருப்பவர்கள் அவற்றை ஒரே நாளில் அழிக்க வேண்டாம். ஒரு ஜோடிக்குக் கான்ட்ராக்ட் வந்ததும், அந்த ஜோடியைத் தொடும் முழுச்சுற்று டெஸ்ட்களை டெப்ளாயை நிறுத்தும் பட்டியலிலிருந்து எடுத்து, இரவில் மட்டும் ஓட விடுங்கள். சில வாரம் கழித்துப் பாருங்கள். வேறெதுவும் பிடிக்காத ஒரு பிழையை அவற்றில் ஏதாவது பிடித்திருந்தால் அதை வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்கிவிடலாம்.